மூன்று வலது, ஒரு இடது

புதுக்கார் வாங்கி ஏமாந்தவனைக் காப்பாற்ற ஒரு சட்டம் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பது தெரியாத வரைக்கும் குழாய்க்காரர் ஏதோ நிம்மதியாகத்தான் இருந்தார்.

அவர் வண்டியில் ஒரே ஒரு குறை. இடது பக்கம் திரும்பாது. ஸ்டியரிங் திரும்பும், சக்கரம் திரும்பும். பாதித் திருப்பத்தில் இன்ஜின் மட்டும் பொசுக்கென்று அணைந்துவிடும். வலது பக்கம் திருப்பினால் ஒரு வம்பும் இல்லை. நேராகப் போனால் வெண்ணெய். இடது என்றால் செத்த பிணம்.

வாங்கிய மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி முனையில் இது தெரிந்தது. பின்னால் வண்டிகள் வரிசைகட்டி ஹாரன் அடிக்க, புதுச் சட்டையோடு இறங்கித் தள்ளினார். தெரிந்த முகம் ஏதாவது பார்க்கிறதா என்று பார்த்தார். இல்லை. அன்றைக்கே முடிவு செய்துகொண்டார், இது யாருக்கும் தெரியக் கூடாது.

நேராக வராத தண்ணீரை எல்போ வளைவு போட்டுச் சுற்றிக் கொண்டுவருவதுதான் அவர் முப்பது வருஷத் தொழில். அந்த மூளை இங்கே வேலை செய்தது. இடது பக்கம் போக வேண்டுமா? முனையைத் தாண்டி நேராகப் போ. வலது. மறுபடி வலது. மறுபடி வலது. வந்த சாலையைக் குறுக்கே கடந்தால் இடது பக்கம் போய்ச் சேர்ந்தாயிற்று. வேலைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

தெரு வேறு மாதிரி நினைத்தது. “புதுக்காரை ஊரைச் சுத்திக் காட்டலன்னா மனுஷனுக்குச் சோறு இறங்காது போல” என்று எதிர்வீட்டுக்காரர் காதுபடவே சொன்னார். குழாய்க்காரர் மறுக்கவில்லை. பீற்றுகிறான் என்று பேர் வாங்கலாம். ஏமாந்தான் என்று பேர் வாங்க முடியுமா? திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி வாயை மூடிக்கொண்டு ஓட்டினார்.

அவர் மனைவிக்குத் தெரியும். தினம் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவளுக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவருக்கு முள்ளாகக் குத்தியது.

இதெல்லாம் அவரோடு முடிந்திருந்தால் கதையே இல்லை. அவருக்கு ஒரு சகலை உண்டு, மனைவியின் தங்கை புருஷன், பேக்கரி வைத்திருப்பவர். சகலையிடம் ஒரு பழைய வேன் இருந்தது. புதுக்கார் வாங்கிய ஜோரில், குடும்பமே கூடியிருந்த இடத்தில், “இது என்னய்யா வேனா, கோழிக்கூண்டா?” என்று கேட்டவர் குழாய்க்காரர். சகலை சிரித்தார். “கூண்டுதான் சகலை. ஆனா ரொட்டி போய்ச் சேருதுல்ல.”

ஒன்பது மாதம் கழித்துக் கூண்டு படுத்துவிட்டது. பேக்கரியின் பின்கட்டில், முழங்கை வரை மாவோடு, சகலை கேட்டார்.

“ஷோரூம்காரன் கலரைப் பத்திப் பேசுறான், பேங்க்காரன் வட்டியைப் பத்திப் பேசுறான். வண்டியைப் பத்திப் பேச ஒருத்தனும் இல்ல. ரெண்டு ஸ்கூலுக்குக் காலைல ஏழு மணிக்குள்ள ரொட்டி போகணும் சகலை. லேட்டானா வேற கடைக்குப் போயிடுவாங்க. நீங்க ஓட்டுறீங்க, உங்களை நம்பிக் கேக்குறேன். உங்க வண்டி எப்படி?”

அடுப்படியில் வேலை செய்த இரண்டு பேரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மைத்துனி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“தங்கம்” என்றார் குழாய்க்காரர்.

மறுநாளே சகலை அதே கம்பெனியில், அதே மாடலில், அதே வெள்ளைக் கலரில் பதிவு செய்துவிட்டார். வண்டி கைக்கு வர மூன்று மாதம். ஆள் சேர்த்துவிட்டதற்காக ஷோரூம் குழாய்க்காரர் வீட்டுக்கு ஒரு குடையை அனுப்பிவைத்தது. அதை அவர் பரண்மேல் போட்டார். மழையில் நனைந்தார்.

சட்டம் அவர் கண்ணில் பட்டது ஒரு குளியலறையில். ஒழுகும் குழாய்க்கு அடியில் விரித்திருந்த நனைந்த பத்திரிகையில் ஒரு விளம்பரம்: ‘புதுவண்டியில் குறையா? கூச்சம் வேண்டாம். புதுவண்டி வாங்கினோர் பாதுகாப்பு வாரியம் உங்கள் பக்கம்.’ படுத்தபடியே இரண்டு தடவை படித்தார். அவருக்கு ஒரு யோசனை வந்தது. சகலை வண்டி எடுப்பதற்குள் வாரியத்தில் ஒரு தீர்ப்பு வாங்கிவிட்டால்? காகிதத்தை நீட்டினால் போதும். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம். ‘நான் பொய் சொன்னேன்’ என்கிற மூன்று வார்த்தையை அவருக்குப் பதிலாக முத்திரை போட்டு வாரியமே சொல்லிவிடும்.

கூச்சப்படுகிறவனுக்கு இப்படித்தான் யோசனை வரும்.

ஒரே குறை நாலு தடவை பட்டறைக்குப் போயும் தீராமல் இருந்தால்தான் அது குறை என்பது சட்டம். சரி என்று கம்பெனிப் பட்டறைக்குப் போனார். வெளியில் யாராவது மெக்கானிக் தொட்டால் உத்தரவாதம் போய்விடும் என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். டை கட்டிய பையன் மாலையில் சீட்டை நீட்டினான். ‘குறை காணப்படவில்லை.’

“நாப்பது ரவுண்டு ஓட்டிப் பாத்தோம் சார். சூப்பரா ஓடுது.”

“இடது பக்கம் திருப்பினீங்களா தம்பி?”

“எங்க யார்டுல இடது பக்கம் மதில் சார். எல்லாம் வலதுதான்.”

அப்புறம் பட்டறை ஆளை நாலு தடவை ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், நாலு முனையில் நின்றுபோனதைக் காட்டி, நாலு சீட்டு வாங்கினார். வாரியத்தின் முதல் கவுண்டரில் இருந்த அம்மாள் நாலையும் மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, பரீட்சைப் பேப்பர் திருத்துவது போலத் தலையை ஆட்டினாள்.

“ஒரே குறை நாலு தடவை வரணும். உங்களுக்கு நாலு குறை ஒவ்வொரு தடவை வந்திருக்கு.”

“நாலும் ஒண்ணுதாங்க. இடது பக்கம்...”

“இது ஆஸ்பத்திரி முனை. இது பேங்க் முனை. இது பள்ளிக்கூட முனை. இது என்ன, தண்ணித்தொட்டி முனையா? வேற வேற இடம், வேற வேற குறை.”

மறுபடி ஆரம்பத்திலிருந்து வந்தார். பட்டறை ஆளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி முனைக்கே நாலு தடவை போய் நாலு தடவையும் நின்றுபோனார். மூன்றாம் தடவை அங்கிருந்த டிராபிக் போலீஸ்காரரே தள்ளிவிட வந்தார். “வாங்கண்ணே, இன்னிக்கு என்ன லேட்டு?” என்றார். குழாய்க்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு தள்ளினார். இதற்குள் இரண்டு மாதம் போய்விட்டது.

நாலு சீட்டும் சேர்ந்ததும் வாரியம் ஒரு சோதனை அதிகாரியை அனுப்பியது. நல்ல மனிதர். பின்சீட்டில் ஏறி, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, “கிளம்புங்க” என்றார். ஆஸ்பத்திரி முனையில் குழாய்க்காரர் இடது பக்கம் திருப்பினார். வண்டி சொன்ன சொல் தவறாமல் அணைந்தது. குழாய்க்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. புதுக்கார் நின்றுபோனதற்குச் சந்தோஷப்பட்ட ஆள் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

“பாத்தீங்களா! பாத்தீங்களா சார்!”

அதிகாரி எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். “‘வண்டி நின்றது. நிறுத்தியவர் யார் என்பது தெரியவில்லை.’”

“யாரும் நிறுத்தலீங்க. தானா நிக்குது.”

“ஸ்டியரிங் யார் கையில இருந்துச்சு?”

“என் கையில.”

“நீங்க யாரு? புகார் கொடுத்தவரு. உங்களுக்கு இது நின்னா லாபம், இல்லீங்களா?”

“அப்ப நீங்களே ஓட்டிப் பாருங்க சார். சாவி இந்தாங்க.”

அதிகாரி பின்னால் சாய்ந்துகொண்டார், பாம்பை நீட்டியது போல. “குறையுள்ள வண்டியை அதிகாரி ஓட்டக் கூடாதுன்னு விதி இருக்கு. உயிருக்கு ஆபத்து.”

“அப்ப குறை இருக்குன்னு ஒத்துக்கிறீங்க.”

“ஓட்டிப் பாக்காம எப்படிங்க ஒத்துக்க முடியும்?”

இதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த மனிதர் பத்து வருஷமாக இப்படித்தான் சோதிக்கிறார். இரண்டு தடவை சம்பள உயர்வும் வாங்கியிருக்கிறார்.

விசாரணைக்குத் தேதி போட்டார்கள். அன்று காலை பதினோரு மணிக்கு விசாரணை. அன்று மதியம் மூன்று மணிக்குச் சகலை ஷோரூமில் வண்டி எடுக்கிறார். “நீங்களும் வந்துடுங்க சகலை. நீங்க பாத்துச் சொன்ன வண்டி, நீங்க நின்னாத்தான் எனக்குத் தைரியம்” என்று போனில் சொல்லியிருந்தார். குழாய்க்காரர் “வர்றேன்” என்றார். தீர்ப்போடு வருகிறேன் என்று மனதுக்குள் சேர்த்துக்கொண்டார்.

வாரியத்தின் ஹாலில் நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறை இன்னும் கிழிக்கப்படவில்லை. மூலையில் கைகழுவும் தொட்டியின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது; கீழே ஒரு வாளி; வாளியில் ‘தற்காலிகம்’ என்று பெயின்ட்டில் எழுதி, பெயின்ட்டும் உரிந்திருந்தது. வாஷர் ஒன்று மாற்றினால் போதும், ஐந்து நிமிஷ வேலை. குழாய்க்காரருக்குக் கை பரபரத்தது. இவர்களா என் வண்டியைப் பார்க்கப்போகிறார்கள் என்று அப்போதே நினைத்தார்.

முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மனைவியும் இருந்தாள். வாரியத் தலைவர் மதியம் இரண்டு மணிக்கு வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். அவர் மைக்கைத் தட்டி, ஊதி, பேசினார்.

“இந்த வாரியம் ஆரம்பிச்சுப் பதினோரு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் எத்தனை குறையுள்ள வண்டி கண்டுபிடிச்சிருக்கோம்? ஒண்ணுகூட இல்ல.” கைதட்டலுக்குக் கொஞ்சம் இடம் விட்டார். “இது எதைக் காட்டுது? நமக்குப் பயந்துக்கிட்டுக் கம்பெனிங்க எல்லாம் நல்ல வண்டியா செய்யறாங்கன்னு காட்டுது. நாளைக்கே ஒரு குறையுள்ள வண்டியை நாம கண்டுபிடிச்சா என்ன ஆகும்? பதினோரு வருஷமா இந்த வாரியம் என்ன பண்ணுச்சுன்னு நாலு பேரு கேப்பாங்க. அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்க மாட்டோம்னு உறுதி சொல்றேன்.”

கம்பெனி வக்கீல் எழுந்தார். குரலில் தேன் ஒழுகியது.

“ஐயா, இன்னிக்கு எதுல வந்தீங்க?”

“என் கார்ல.”

“வர்ற வழியில எத்தனை இடது வருது?”

“அஞ்சு.”

“எத்தனை தடவை நின்னுச்சு?”

“நிக்கலீங்க. இடது பக்கம் திருப்பினாத்தான் நிக்கும். நான் மூணு வலது போட்டு வந்துடுவேன்.”

“மூணு வலது!” வக்கீல் ஹாலைப் பார்த்துத் திரும்பினார். “ஒரு வருஷத்துல ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கார். போகணும்னு நினைச்ச எந்த இடத்துக்காவது போகாம இருந்தீங்களா?”

“போனேன். ஆனா...”

“போனேன். அது போதும். வண்டியோட விளக்கப் புத்தகத்துல தொண்ணூறு பக்கம் இருக்கு தலைவர் அவர்களே. இடது பக்கம் திரும்பும்னு எங்க கம்பெனி எந்தப் பக்கத்துலயும் வாக்குக் கொடுக்கல.”

தலைவர் புத்தகத்தை வாங்கிப் புரட்டி, “ஆமா, இல்லை” என்றார். பக்கத்திலிருந்தவர் குறித்துக்கொண்டார்.

வக்கீல் இப்போது ஒரு மஞ்சள் காகிதத்தை எடுத்தார். குழாய்க்காரருக்கு அது என்னவென்று தெரியாது.

“இது வேற ஒருத்தர் பதிவு பண்ணின படிவம். ‘இந்த வண்டியைத் தேர்ந்தெடுக்கக் காரணம்?’ அதுக்குத் தன் கையால எழுதியிருக்கார்: ‘என் சகலை ஓட்டுகிறார். தங்கம் என்று சொன்னார். அவர் சொன்னால் சரியாக இருக்கும்.’” காகிதத்தை இறக்கினார். “தங்கம்னு சொன்னது நீங்கதானே?”

குழாய்க்காரர் மூலையில் இருந்த வாளியைப் பார்த்தார்.

“சொன்னேன்.”

“அப்ப அது பொய்யா?”

தலைவரும் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, தூங்குமூஞ்சியைக் கொஞ்சம் துடைத்துவிட்டு, “சொல்லுங்க. பொய்யின்னா பொய்யின்னு சொல்லிடுங்க, குறிச்சுக்கிறோம். நிஜம்னா நிஜம்” என்றார்.

வாரியத்தைத் திட்டலாம், கம்பெனியைத் திட்டலாம். திட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த ஒரு நிமிஷம் பந்து குழாய்க்காரர் கையில்தான் இருந்தது. ஆமாய்யா, பொய்தான், வெட்கப்பட்டுக்கொண்டு சொன்ன பொய் என்று ஒரு வார்த்தை. முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒரு ஆள் சிரிப்பதற்குத் தயாராக வாயைக்கூட வைத்துக்கொண்டிருந்தான். மனைவி மடியைப் பார்த்தபடி இருந்தாள்.

“அப்ப... அப்ப நல்லாத்தான் ஓடிச்சு” என்றார் குழாய்க்காரர்.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். இனி அவருக்கு அங்கே வேலை இல்லை.

தீர்ப்பு பத்து நிமிஷத்தில் வந்தது. வண்டியில் குறை இல்லை. அதோடு விட்டார்களா? புகார் கொடுத்தவர் பொறுமையாலும் புத்தியாலும் கண்டுபிடித்த ‘மூன்று வலது முறை’ எல்லோருக்கும் பயன்படக்கூடியது என்று வாரியம் பாராட்டுகிறது. அதைத் தங்கள் விளக்கப் புத்தகத்தில் சேர்க்கக் கம்பெனிக்குப் பரிந்துரைக்கிறது. கண்டுபிடித்தவருக்கு ஒரு சான்றிதழ். தலைவர் இறங்கி வந்து கையைக் குலுக்கினார். போட்டோக்காரன், “கொஞ்சம் சிரிங்க ஐயா” என்றான். சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

காரில் ஏறியதும் மனைவி முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

“இந்த ஒரு வருஷம் நான் ஒண்ணும் கேக்கல. ஏன் தெரியுமா? நீங்களா சொல்வீங்கன்னு. இப்ப அங்க சொல்லியிருக்கலாம். சொல்லல.”

“முப்பது பேருக்கு முன்னால எப்படிடி...”

“சொன்னா உங்க மானம் போகும். சொல்லலன்னா என் தங்கச்சி அடுப்பு அணையும். எது பெருசுன்னு நீங்களே பாத்துக்குங்க. மணி ரெண்டே முக்கால்.”

ஷோரூம் பக்கம்தான். ஆனால் வழியில் மூன்று இடது. முதல் இரண்டுக்கும் மூன்று மூன்று வலதாகச் சுற்றினார். இரண்டாவது சுற்றில் ஊரே வழியில் நிற்பது போல இருந்தது. கடைசி முனையில் பொறுமை போய், இடது பக்கமே ஒடித்தார். வண்டி நட்டநடு ரோட்டில் அணைந்தது. ஹாரன்கள் கத்தின. அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். மனைவி கதவைத் திறந்து ஸ்டியரிங் பக்கம் வந்து நின்றுகொண்டு, “போங்க, நான் பாத்துக்கிறேன்” என்றாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். மணி மூன்றேகால்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வெள்ளை வண்டி பளபளவென்று நின்றது. பக்கத்தில் சகலை, நல்ல சட்டையில், விரலிடுக்கில் மாவுத் தடம் போகாமல். விற்பனைப் பையன் சாவியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்துகொண்டிருந்தான்.

“வாங்க சகலை, எங்க வராமப் போயிடுவீங்களோன்னு...”

“எடுக்காதீங்க” என்றார் குழாய்க்காரர். மூச்சு வாங்கியது. “பொய் சொன்னேன். வண்டி தங்கம் இல்ல. இடது பக்கம் திரும்பாது. என் வண்டியும் திரும்பாது. மூணாம் நாள்லேர்ந்தே தெரியும். வெக்கமா இருந்துச்சு. சொல்லல.”

ஷோரூமே திரும்பிப் பார்த்தது. அவ்வளவு பயந்த வார்த்தைகள் வெளியே வந்து விழுந்தன, வானம் இடியவில்லை.

சகலை அவரையே பார்த்தார். பிறகு பையனைப் பார்த்தார். “தம்பி, எனக்கு வண்டி வேணாம்.”

“கையெழுத்து ஆயிடுச்சே சார். பத்து நிமிஷம் முன்னாடி. இனிமே திருப்ப முடியாது.”

“குறையுள்ள வண்டியாமே?”

“குறைன்னா வாரியத்துல சொல்லலாம் சார், உங்களுக்குச் சட்டம் இருக்கு.” பையன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, காகிதத்தில் கவனமாக ஏதோ எழுதினான். “ஆனா சாவி இன்னும் நீங்க வாங்கல. வாங்கறதுக்கு முன்னாடியே இந்த ஐயா வந்து குறையைச் சொல்லிட்டாரு. நாங்களும் கேட்டோம். அதனால தெரிஞ்சே வாங்கினவர்னு ஆகுது. அவங்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது சார். மணி போட்டிருக்கேன், மூணு பதினேழு. சரிதானே?”

பத்து நிமிஷம் முன்னால் சொல்லியிருந்தால் கையெழுத்து இல்லை. பத்து நிமிஷம் கழித்துச் சொல்லியிருந்தால் புகாராவது கொடுக்கலாம். ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த மனிதர் உண்மையைச் சொன்னது சரியாக இரண்டுக்கும் நடுவில். சட்டம் அந்த நிமிஷத்தைத் தவறவிடவில்லை.

சகலை சாவியை எடுத்துக்கொண்டார். திட்டவில்லை. கோழிக்கூண்டு என்று ஒரு வார்த்தை அவர் திருப்பிச் சொல்லியிருந்தால் குழாய்க்காரர் காலில் விழுந்திருப்பார். சொல்லவில்லை. “நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்குக் கடைக்கு வந்துடுங்க” என்றார். “எனக்கு இந்தச் சுத்தெல்லாம் தெரியாது. ஏழு மணிக்குள்ள ரொட்டி போகணும்.”

அன்றிலிருந்து தினம் ஐந்து மணிக்குக் குழாய்க்காரர் பேக்கரிக்குப் போகிறார். பின்னால் ரொட்டித் தட்டுகளின் சூடு முதுகில் அடிக்க, முன்சீட்டில் உட்காருகிறார். பேக்கரியிலிருந்து இரண்டு பள்ளிக்கும் ஏழு இடது. அதற்கு இருபத்தொரு வலது. எந்தத் தெருவில் குப்பைவண்டி நிற்கும், எந்தச் சந்தில் எதிரே ஆள் வருவான் என்பதெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி. சகலை ஓட்டுகிறார். பழைய மாதிரி சகலை என்று கூப்பிடுவதில்லை, கேலி பேசுவதில்லை.

ஒவ்வொரு முனையிலும் ஒரே ஒரு கேள்வி.

“அடுத்து?”

“வலது” என்கிறார் குழாய்க்காரர்.